வலிக்காத அக்காவின் இருபத்திரண்டு நிமிடம்

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு ‘வலிக்காத அக்கா’ என்று பெயர். எலும்பும் தோலுமாக வரும் முதியவர்களும், ஊசி என்றதுமே ஊரைக் கூட்டும் குழந்தைகளும் அவருடைய வரிசையில்தான் நிற்பார்கள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தாலும் நகர மாட்டார்கள். முழங்கையின் உட்புறத்தில் இரண்டு விரலை வைத்து, பார்வையை வேறெங்கோ வைத்துக்கொண்டு நரம்பைத் தேடுவார். “சாப்பிட்டீங்களா?” என்று அவர் கேட்டு, நாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் குழாய் நிறைந்திருக்கும்.

வீட்டில் கணவர் எட்டு வருடம் கட்டிலில் கிடந்தார். லாரி ஓட்டியவர், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இரண்டாம் வருடம் யாரோ கொடுத்த நாய்க்குட்டிக்கு அவர்தான் ‘முதலாளி’ என்று பெயர் வைத்தார். “நம்ம ரெண்டு பேரையும் வேலை வாங்கப்போறது இவன்தானே” என்று கோணிய வாயால் சொல்லிச் சிரித்தார். அக்கா காலை ஆறரைக்குப் போனால் மூன்று மணிக்குத்தான் திரும்புவார். அதுவரை கட்டிலில் அவர், கட்டிலுக்கு அடியில் முதலாளி. ஆறு வருடத்தில் அந்த நாய் ஒரு நிமிடம்கூடத் தனியாக இருந்ததில்லை. அதைப் பற்றி யாரும் யோசிக்கவும் இல்லை.

கணவர் போய்ச் சேர்ந்து, பதினைந்து நாள் விடுப்பும் முடிந்து, அக்கா மறுபடி வேலைக்குப் போன முதல் நாள். திரும்பிவந்து கதவைத் தள்ளினால் பாதிதான் திறந்தது. கட்டில் மெத்தையை வாசல்வரை இழுத்துவந்து கிழித்துப் போட்டிருந்தது முதலாளி. கணுக்கால் உயரத்துக்குப் பஞ்சு. கதவின் கீழ்ப்பாகம் சுரண்டப்பட்டு உள்மரம் வெளுப்பாகத் தெரிந்தது. தரையில் ரத்தம். எங்கிருந்து என்று தேடியபோதுதான் அதன் முன்னங்கால் நகங்களைப் பார்த்தார். அது வாலை ஆட்டிக்கொண்டே நடுங்கியது.

கீழ்வீட்டு அம்மா மாடிப்படியில் ஏறிவந்து நின்றார். வீட்டுக்குச் சொந்தக்காரர் அவர்தான். “உன் வீட்டுக்காரர் செத்த அன்னைக்குக்கூட இந்த வீட்ல இவ்ளோ சத்தம் கேக்கலம்மா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னார்.

அதன் பிறகு செருப்பு, தலையணை, ஜன்னல் திரை, மிக்ஸியின் வயர் என்று நாளுக்கு ஒன்றாகப் போனது. ரேடியோவைப் பாடவிட்டுப் போனார்; ரேடியோவே போனது. கணவரின் பழைய சட்டையைப் போட்டுவைத்தார். அதன்மேல் படுத்துக்கொண்டே கதவைக் கடித்திருந்தது.

கால்நடை மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இது சேட்டை இல்லம்மா, பயம். அடிச்சீங்கன்னா பயம் ரெண்டா ஆயிடும்” என்றார்.

“அடிக்கல சார். நான்தான் அழுதேன்.”

“அதுவும் வேணாம். பைய எடுங்க, சாவிய எடுங்க, ஆனா போகாம உக்காந்துடுங்க. அது பழகினப்புறம் அரை நிமிஷம் வெளிய நில்லுங்க. அது கத்த ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உள்ள வந்துடணும். அப்படியே கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. மாசக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் தனியா விடவே கூடாது.”

“வேலைக்குப் போகணுமே சார்.”

மருத்துவர் மாத்திரைச் சீட்டை எழுதினார்.

அக்கா மூன்று வாரம் விடுப்புக் கேட்டார். “நாய்க்கா லீவு?” என்றார் பிரிவுத் தலைவர். நல்ல மனிதர். பேனாவை உருட்டிவிட்டு, “எழுதறப்ப முதுகுவலின்னு எழுதுங்க” என்றார்.

அந்த மூன்று வாரமும் அக்கா மாடிப்படியில்தான் குடியிருந்தார். நாடி பார்க்கக் கட்டிய கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, கதவுக்கு வெளியே மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார். அரை நிமிடம், ஒரு நிமிடம், மூன்று. பத்தாம் நாள் பதினொரு நிமிடம். போகிற வருகிறவர்கள் “சாவிய தொலைச்சுட்டீங்களா?” என்று கேட்டார்கள். இரண்டாவது வாரக் கடைசியில் இருபத்திரண்டு நிமிடம் வந்தது. உள்ளே போனால் முதலாளி கொட்டாவி விட்டது. அன்று அக்கா தன் தங்கைக்குப் போன் செய்து, பிள்ளை பாஸானதைச் சொல்வதுபோல் சொன்னார்.

இருபத்துமூன்றாவது நிமிடம் மட்டும் வரவே இல்லை. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துக்கு வந்ததும் உள்ளிருந்து முதலில் ஒரு முனகல், பிறகு நகம். மறுநாள் பத்து நிமிடத்துக்கு இறங்கிவிடும். மறுபடி ஏற்ற வேண்டும். விடுப்பு முடிந்தபோது கையில் இருந்தது அதே இருபத்திரண்டு. வேலையோ எட்டரை மணி நேரம்.

மாத்திரை கொடுத்து, சின்ன அறையில் விட்டுப் போய்ப் பார்த்தார். கம்பிக் கதவைக் கடித்து முன்பல்லை உடைத்துக்கொண்டது. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணிடம் விட்டார். அவள் குளிக்கப் போன நேரத்தில் அவள் வீட்டுக் கதவையும் ஒரு கை பார்த்துவிட்டது. சாயங்காலம் அவள் கயிற்றை நீட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கூடத்தில் நல்ல கூட்டம். அக்கா நாலு வயதுக் குழந்தை ஒன்றின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டியிருந்தார். மேசைமேல் போன் அடித்தது. கீழ்வீட்டு அம்மா. ஒலிபெருக்கியைத் தட்டியதும், “நீயே கேளு” என்றார். போனை மாடிக் கதவருகே பிடித்திருக்க வேண்டும். முதலாளியின் ஊளை கூடம் முழுக்கக் கேட்டது. அக்கா அவசரமாக அதை அணைத்துவிட்டு ஊசியை வைத்தார். நரம்பு கிடைக்கவில்லை. திருப்பி வைத்தார். மூன்றாவது தடவை குழந்தையின் கை நீலமாக வீங்கியது. அது கத்தவில்லை. தன் அம்மாவிடம் திரும்பி, “வலிக்காதுன்னு சொன்னியே” என்றது.

அந்த வாரமே வேலையை எழுதிக்கொடுத்துவிட்டார்.

பிறகு ஒரு துணிக்கடைக்கு வீட்டிலிருந்தே சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொடுத்தார். வெளியுலகம் என்பது இருபத்திரண்டு நிமிடத்தில் போய்வரக்கூடிய தூரமாகச் சுருங்கியது. காய்கறிக் கடை உள்ளே வரும், பேருந்து நிறுத்தம் வராது. தங்கை மகளின் கல்யாணம் வேறு ஊரில். நாயைக் கூட்டிப்போக முடியாது, விட்டுப்போகவும் முடியாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் தங்கை போன் செய்தாள்.

“ஒரே ஒரு நாள்க்கா. யார்கிட்டயாவது குடுத்துடேன், இல்ல எங்கயாவது விட்டுடேன்.”

“அவர் போனதே அவனுக்கு இன்னும் புரியலடி. நானும் விட்டா அவன் என்ன பண்ணுவான்?”

“மாமா போயிட்டாரு, நீயும் கூடவே போயிட்டேன்னு நெனச்சுக்கறேன்.” போனை வைத்தாள். அதன்பின் அவள் அழைக்கவில்லை. அக்கா அழைத்தாலும் எடுக்கவில்லை.

இப்படியே நாலரை வருடம்.

ஒருநாள் தபால் அலுவலகத்தில் மழையில் மாட்டிக்கொண்டார். ஒரு மணி பத்து நிமிடம் ஆகிவிட்டது. நனைந்தபடி ஓடிவந்து, படியில் தடுக்கி விழுந்து எழுந்து கதவைத் திறந்தால், முதலாளி தூங்கிக்கொண்டிருந்தது. கூப்பிட்டார். அசையவில்லை. செத்துவிட்டதோ என்று தொட்டதும் திடுக்கிட்டு விழித்தது. காதருகே கைதட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. காது போய் எவ்வளவு நாளாயிற்றோ. கதவு மூடுவது கேட்கவில்லை. அதனால் அக்கா போவதும் தெரியவில்லை.

மறுநாள் இரண்டு மணி நேரம் வெளியே இருந்து பார்த்தார். அதற்கடுத்த நாள் நாலு மணி நேரம். ஒரு நூல்கூடக் கிழியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கூடத்தில் கண்ணாடித் தடுப்பு வைத்திருந்தார்கள். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பிரிவுத் தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்றார்கள். அவருடைய பழைய நாற்காலி இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்த இளம்பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “வெறும் வயிறா?” என்று கேட்டாள்.

இல்லை, சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். பின்னால் வரிசை நின்றது. “சாப்பிட்டாச்சும்மா” என்றார்.

“அப்ப நாளைக்கு வாங்க. அடுத்து யாரு?”

வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து தங்கைக்குப் போன் செய்தார். முழுதாக அடித்து நின்றது. இன்னொரு தடவை செய்தார். பேருந்துகள் வரிசையாக நின்றிருந்தன. எதில் வேண்டுமானாலும் ஏறலாம், சாயங்காலம்வரை நேரம் இருந்தது. எதில் ஏறுவது என்று தெரியவில்லை.

நடந்தே வீட்டுக்கு வந்தார். முதலாளி அதே இடத்தில், அதே பக்கமாகப் படுத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கைவைத்தார். அது கண்ணைத் திறந்து, இத்தனை நேரமும் அறையிலேயே இருந்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. மறுநாள் காலைக்குள் நாற்பது சட்டை முடிக்க வேண்டியிருந்தது. அக்கா ஊசியில் நூலைக் கோத்தார்.