மஞ்சள் அட்டையின் பின்பக்கம்

‘மூணு ஜெராக்ஸ்’ என்று பட்டப்பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தத் தெருவில் எல்லோரும் அவர் இருக்கும் இடத்துக்கு வழி காட்டுவார்கள். விமான டிக்கெட் போட்டுக்கொடுக்கும் சின்ன அலுவலகத்தில் முப்பத்தொரு வருடமாக ஒரே மேசை, ஒரே நாற்காலி. பாஸ்போர்ட், விசா, மருந்துச் சீட்டு எல்லாவற்றுக்கும் மூன்று நகல் எடுத்து, ஒன்று கைப்பையில், ஒன்று பெட்டியில், ஒன்று வீட்டில் என்று பிரித்துக் கொடுக்காமல் யாரையும் படியிறங்க விடமாட்டார். பெண் பார்க்கப் போன இடத்திலும் மூன்று நகல் கேட்டிருப்பார் என்று முதலாளியம்மா கேலி செய்வார்.

நகலையாவது பொறுத்துக்கொள்ளலாம். அந்த மஞ்சள் அட்டை இருக்கிறதே, அதில் அவர் ஒற்றைக் காலில் நிற்பார். உள்ளங்கை அளவு அட்டை. பெயர், வயது, ரத்த வகை, சாப்பிடும் மாத்திரை, ஒத்துக்கொள்ளாத மருந்து, கடைசி வரியில் அவசரத்துக்குக் கூப்பிட ஒரு எண். லேமினேட் செய்து, ஓட்டை போட்டு, கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டிவிடுவார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கிறதே என்று சிணுங்கினால், “அங்க மயங்கி விழுந்தா நீங்க பேச மாட்டீங்க சார், இதுதான் பேசும். தண்ணி பட்டாலும் அழியாது” என்பார்.

கடைசி வரியில் அவர் எழுதுவது தன் மேசைத் தொலைபேசியின் எண். அதற்கு ஒரு கதை உண்டு. வெளிநாட்டில் இடுப்பு முறிந்து விழுந்த ஒரு பெரியவரின் வீட்டுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோது, போனை எடுத்த மருமகள் ஆஸ்பத்திரி என்று கேட்டதுமே அலறிக் கீழே போட்டுவிட்டாள். போன் உடைந்தது. இரண்டு நாள் யாருக்கும் ஒரு தகவலும் கிடைக்கவில்லை. அன்றோடு முடிவு செய்துவிட்டார். “அழறதுக்கு வீட்ல ஆள் இருக்கு. விவரம் கேட்டு எழுதிக்க ஒரு ஆள் வேணும்ல?”

சொன்னதோடு நிற்கவில்லை. வாடிக்கையாளர் யாராவது பயணத்தில் இருந்தால், ஞாயிற்றுக்கிழமையும் தன் சாவியால் கதவைத் திறந்து, பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, அந்தத் தொலைபேசிக்கு எதிரே செய்தித்தாளோடு உட்கார்ந்துவிடுவார். பெரும்பாலும் அது அடிக்காது. மனைவிதான் வீட்டில் தனியாகச் சாப்பிடுவாள். “யாரோட மாமியாரோ பறக்குறதுக்கு என் ஞாயித்துக்கிழமை போகுது” என்பாள். அவருக்கு அது காதில் விழும், மனதில் விழாது.

அந்த வருடம் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் வாழ்ந்தது நடுவில் ஒரு விமானம் மாறிப் போகவேண்டிய தூரத்தில். அவருக்கோ விடுமுறைக் கால நெரிசல், தலை நிமிர நேரமில்லை. பிரசவத்துக்குத் தான் வந்துவிடுவதாகச் சொல்லி, மனைவியை முன்னால் அனுப்ப ஏற்பாடு செய்தார். ஐம்பத்தெட்டு வயது, ரத்தக் கொதிப்பு, அதுவரை விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்தவள்.

இரண்டு வாரம் சாப்பாட்டு மேசையில் பரீட்சை நடந்தது.

“பெட்டி வரலைன்னா?”

“கவுன்டர்ல போய் டிக்கெட்ல ஒட்டிக் குடுத்த பெட்டிச் சீட்டைக் காட்டணும்.”

“மாத்திரை?”

“பாதி கைப்பையில, பாதி பெட்டியில. உங்களை எந்தப் பையில வெக்கணும்னுதான் இன்னும் சொல்லல.”

அவர் சிரிக்கவில்லை. பரீட்சை என்றால் பரீட்சைதான். நடுவில் இறங்கும் விமான நிலையத்தில் இலவச வைஃபையைத் தொடக்கூடாது, எவனாவது போனுக்குள் புகுந்துவிடுவான். அதனால் போனை அணைத்தே வைத்திருக்க வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு பேசினால் போதும். போனுக்குப் பூட்டு எண்ணும் அவரே போட்டுக்கொடுத்தார்; அவளுக்கு அது பாதி நேரம் மறந்துபோகும்.

“நடுவுல எனக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

“நீ பேசினா அவங்களுக்குப் புரியாது. அட்டையைக் காட்டு. அது போதும்.”

அவள் அட்டையை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். “இது உங்க ஆபீஸ் நம்பர்ல? நான் என்ன உங்க கஸ்டமரா?”

“முப்பது வருஷமா எழுதுற கை, அதுவா எழுதிடுச்சு.”

“உங்க செல் நம்பரையும் போட்டுக் குடுங்களேன். இல்ல, பொண்ணு நம்பரையாவது.”

“ரெண்டு நம்பர் இருந்தா அவங்களுக்குக் குழப்பம். மாசமா இருக்கிறவளுக்கு அதிர்ச்சியும் கூடாது. லேமினேட் வேற பண்ணியாச்சு.”

அதற்குமேல் அவள் வாதாடவில்லை. சனிக்கிழமை மாலை அவர் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அவள் மேசையில் பேனாவும் கையுமாகக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். “ஒண்ணுமில்ல. ஃபாரம் நிரப்பக் குடுத்தீங்களே, இந்தப் பேனா எழுதுதான்னு பார்த்தேன்” என்றாள்.

அன்றிரவு அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்தார்; அவள் போய்ச் சேர்வது திங்கள் மதியம்தான். ஞாயிறு முழுவதும் அவர் வீட்டிலேயே இருந்தார். எந்த நாளுக்கு எந்த டப்பா என்று அவள் சீட்டு ஒட்டி வைத்திருந்ததை எடுத்துச் சூடுபண்ணிச் சாப்பிட்டார். செல்போனைச் சத்தம் கூட்டிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். குளிக்கப் போனபோதும் கதவருகில் வைத்தார். அது அடிக்கவில்லை. அடிக்காததே நல்லது, சொன்னபடி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

யார் யாரோ பறந்ததற்கெல்லாம் அலுவலகத்தைத் திறந்து உட்கார்ந்த மனிதர், அன்று அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பறந்தது வாடிக்கையாளர் இல்லையே, பெண்டாட்டி. அவள் கூப்பிட்டால் அவருடைய செல்லுக்குத்தானே கூப்பிடுவாள்? அட்டையை எழுதும்போது டிக்கெட்காரராக எழுதிவிட்டு, காத்திருக்கும்போது புருஷனாகக் காத்திருந்தார். நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. ஆத்திரப்பட்டுத்தான் என்ன, வயிறு எரிவதுதான் மிச்சம்.

திங்கள் காலை எட்டரைக்கு ஷட்டரைத் தூக்கினார். மேசைத் தொலைபேசியின் சிறு திரையில் விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. எடுக்காத அழைப்புகள் பதினொன்று. எல்லாம் ஒரே எண், நீளமான வெளிநாட்டு எண். முதலாவது நேற்றுப் பகல் பன்னிரண்டுக்கு, கடைசி ஐந்து மணிக்கு. தோள்பையை இறக்காமல் அவர் நின்றுகொண்டிருக்கும்போதே பன்னிரண்டாவது முறையாக அது அடித்தது.

பேசியது ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்கும் ஒரு பெண். அவர் வழக்கம்போல் உட்கார்ந்து, விவரம் குறிக்கும் நோட்டை இழுத்து, பேனாவைத் திறந்தார். அவள் பெயரைச் சொன்னாள், எழுதினார். வயது ஐம்பத்தெட்டு, எழுதினார். விமான நிலையத்தில் நெஞ்சு வலி. அனுமதித்தது நம் நேரப்படி பகல் பன்னிரண்டு மணிக்கு முன். ஐந்து மணிவரை நினைவு இருந்தது. உயிர் பிரிந்தது ஐந்து இருபது. கோணாத எழுத்தில் வரிசையாக எழுதினார்.

“போன் பூட்டியிருந்தது. இந்த நம்பர் மட்டும்தான் இருந்தது. அவங்களுக்கு நீங்க என்ன வேணும்?”

“டிக்கெட் ஆபீஸ்ங்க. வீட்டுக்கு நான் சொல்லிடறேன்” என்றார்.

சொல்லிவிட்டுத்தான் எழுதியதைப் படித்தார். பேனா உருண்டு கீழே விழுந்தது. குனிந்து அதை எடுத்தபடி, “தனியாவா இருந்தா?” என்று கேட்டார்.

“நர்ஸ் கூடவே இருந்தாங்க. வாயில மாஸ்க் இருந்ததால பேச முடியல. அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பின்பக்கத்தையே காட்டினாங்களாம். பின்னாடி ஒண்ணுமே இல்ல. என்ன கேட்கிறாங்கன்னு கடைசிவரைக்கும் யாருக்கும் புரியல.”

மகளுக்கு அவரே சொன்னார். அவள் முதலில் அழவில்லை. “என் நம்பரை ஏம்ப்பா போடல? ஆஸ்பத்திரில அம்மா காதுல போனை வெச்சிருப்பாங்களே. நான் பேசியிருப்பேனே” என்றாள். அவர் அதிர்ச்சி கூடாதென்று யாருக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்தாரோ, அவள்தான் கேட்டாள்.

ஒன்பது நாள் கழித்து மனைவியின் உடல் வந்தது. கூடவே ஒரு பிளாஸ்டிக் பையில் கண்ணாடி, கைக்கடிகாரம், பூட்டியே கிடந்த போன், கயிற்றோடு அந்த அட்டை. எல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிப்போன பகலில், அவர் அட்டையை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். பின்பக்கம் வெறும் மஞ்சள். போனில் அந்தப் பெண் சொன்னது சரிதான். வெயிலுக்குச் சாய்த்தபோதுதான் தெரிந்தது. பிளாஸ்டிக்கில் பேனா முனை அழுத்திய பள்ளம். ஒரு எண் விடாமல் அவருடைய செல்போன் எண். மை பிடிக்கவில்லை என்று மேலேயே இரண்டு முறை, மூன்று முறை அழுத்தி எழுதியிருக்கிறாள். மை மட்டும் கழுத்து வியர்வையில் சுத்தமாகப் போயிருந்தது. தண்ணீர் பட்டாலும் அழியாமல் இருக்க அவர் போட்ட உறையில், அவள் எழுதியது ஒட்டவில்லை.

அந்தப் பள்ளங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார்.

“கஸ்டமரான்னு கேட்டியே” என்றார். “கஸ்டமரா இருந்திருந்தா நான் எடுத்திருப்பேன்.”