கண் எந்தக் கடையில் விற்கிறது?

யோசெப்பினுக்கு வாய் நீளம் என்று எங்கள் கோட்டுத் தொழிற்சாலையில் எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். பல வருடம் அவளுடைய பக்கத்து மெஷினில் இருந்து தைத்தவள் நான். சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அந்த வருடம் அவள் வாயில் முழுக்கக் கணவன் பேனாட்டின் கண்தான். பேனாட் கடைகளுக்குச் சாமான் ஏற்றும் வான் வண்டி ஓடுகிறவர். தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். ஊரைவிட்டு வந்து குடியேறிய பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதி வீட்டின் கதவு நிலையில் எந்த நேரமும் இடித்துக்கொண்டார். வானுக்குக் குறுக்கே ஒரு பிள்ளை ஓடி வந்தால் என்ன ஆகும் என்று இவளுக்குப் பயம். கண்ணைக் காட்டச் சொன்னால் மனிதர் அசையவில்லை. இங்கே பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் கண் பரிசோதனைச் செலவை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். நடுவில் இருப்பவர்கள் கைக்காசைத்தான் கொடுக்க வேண்டும்.

“நடுவில உள்ள ஆக்களுக்குக் கண் இல்லையாமோ?” என்று என்மேல் பாய்ந்தாள், ஏதோ நான்தான் சட்டம் போட்டவள் போல.

பேனாட்டோ, “கண்ணைக் காக்கிற புனித லூசியம்மாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்து, அது போதும்” என்றார்.

“அவவே சிலையில தன்ர கண்ணைத் தட்டில ஏந்திக்கொண்டு நிக்கிறா. அவவிட்டயோ போய்க் கேக்கிறது?”

இரண்டாயிரத்து ஐந்தில் எங்கள் முதலாளி, மருந்துக் காப்புறுதியோடு கண்ணுக்கும் சேரலாம் என்றார். இரண்டு வகை. மலிவானது கண்ணாடிக்கு மட்டும் பணம் தரும். மற்றதுக்குச் சம்பளத்தில் கூடுதலாக வெட்டுவார்கள். ஆனால் குடும்பம் முழுவதுக்கும் கண் பரிசோதனையும் உண்டு. நாங்கள் எல்லாரும் மலிவானதற்கே கை தூக்கினோம். எங்களோடு தைக்கும் பிரியந்தி அதற்குள் கண்ணாடிப் பிரேமின் நிறத்தையும் தீர்மானித்துவிட்டாள்.

யோசெப்பின் மட்டும் மற்றதைக் கேட்டாள். விசரி என்று சிரித்தோம்.

“கண்ணாடி கடையில விக்குது. கண் எந்தக் கடையில விக்குது, சொல்லுங்கோடி?”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவள் கேட்டது சரி என்பதால் வந்த எரிச்சல்.

விஷயம் தெரிந்து, சம்பளத்தில் வெட்டுகிறார்களே என்று பேனாட் ஒரு கிழமை முழுக்கச் சண்டை பிடித்தார். அவளும் விட்டுக்கொடுக்கவில்லை.

“நீங்கள் வராட்டி கட்டின காசு கொம்பனிக்குத்தான். அவங்கள் என்ன உங்கட மச்சான்மாரோ?”

அது வேலை செய்தது. சும்மா காசை விடுகிற மனிதர் இல்லை அவர்.

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று, மொழிபெயர்க்க என்னையும் கண் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண் பரிசோதிக்கும் பெண் முதலில் பேனாட்டின் இடது கண்ணை மூடினாள். அவர் எதிரே தெரிந்த எழுத்துகளைக் கடைசி வரிவரைக்கும் கடகடவென்று வாசித்துவிட்டு, மனைவியைப் பார்த்துச் சிரித்தார். “பாத்தியோ?” என்றும் கேட்டார். பிறகு அந்தப் பெண் வலது கண்ணை மூடினாள்.

“ஏன் லைற்றை நூத்தனீங்கள்?” என்றார் பேனாட்.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவர் கேட்டதை மொழிபெயர்க்கப் போன எனக்கு அழுகைதான் வந்தது. யோசெப்பின் அழவில்லை. எழுந்து போய் அவருடைய கையை இறுக்கிப் பிடித்தாள்.

“மற்றக் கண்ணை நான் போக விடமாட்டன் எண்டு இந்தக் கண் பாக்கிறவவுக்குச் சொல்லு” என்றாள் என்னிடம். “அழாமல் சொல்லு.”