அவள் நடந்த செவ்வாய்க்கிழமைகள்

எழுபதுகளின் கடைசி வருஷங்களை நினைத்தாலே எனக்குக் கை கால் ஓய்ந்துபோகிறது. என் கணவர் ரைஸ் மில்லில் வேலை பார்த்தவர். தவிட்டுத் தூசு நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. படுத்தால் மூச்சு முட்டும் என்று இரவும் பகலும் சுவரில் சாய்ந்தே இருப்பார். சரிந்தால் நிமிர்த்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, "வீட்லயே வெச்சிப் பாத்துக்கோங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரியாத மாதிரி இருந்தேன்.

பக்கத்துப் போர்ஷனில் என் சிநேகிதி இருந்தாள். அவள் புருஷன் சைக்கிள் கடை வைத்திருந்தார். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு, ஒரே கொல்லை. இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கல்யாணமாகி வந்தவர்கள். அப்போதிருந்தே செவ்வாய்க்கிழமை தவறாமல் மலை சுற்றுவோம். விடிவதற்கு முன்னால் கிளம்பினால் வெயில் உறைப்பதற்குள் வீடு வந்துவிடலாம். பாதி வழி ஊர்வம்பு, மீதி வழி சாமி. அவளுடைய பக்தியும் என்னுடையதும் ஒரே மாதிரி கிடையாது. நான் அண்ணாமலையாரோடு சண்டை போடுகிறவள். இதைக் கொடு, அதை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டுக்கொண்டே நடப்பேன். அவள் பேசாமல் கும்பிட்டுவிட்டு நடப்பாள். "நீ ஒருத்தி கேக்கறதுக்கே அவருக்கு பதில் சொல்ல முடியல, நான் வேறயா?" என்று கேலி செய்வாள்.

என் கணவர் இப்படி ஆன பிறகு என்னால் வாசலைத் தாண்ட முடியவில்லை.

"நீ அவரைப் பாத்துக்கோடி. உனக்கும் சேத்து நான் சுத்திட்டு வரேன்" என்றாள்.

"அவர் பொழைக்கணும்னு கேளு."

"கேக்காம இருப்பேனா?"

அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலில் புழுதியோடு நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். முந்தானையில் முடிந்து கொண்டுவந்த விபூதியை அவர் நெற்றியில் பூசுவாள். இரைப்புக்கு நடுவில் அவர் சிரிக்கப் பார்ப்பார். அதைப் பார்த்துத்தான் மற்ற நாட்களை நான் ஓட்டினேன். இவள் இவ்வளவு நடக்கும்போது சாமி கைவிட மாட்டார் என்று நம்பினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் கிளம்பிப் போன பிறகு, பொழுது விடிகிற நேரத்தில் அவர் என் தோளில் சரிந்தார். வழக்கம்போல நிமிர்த்தினேன். தலை நிற்கவில்லை.

நான் போட்ட சத்தத்தில் அவள் புருஷன் ஓடி வந்தார். என் கணவரின் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு அவளைத் தேடிப் போனார். மலைக்கு அந்தப் பக்கம், அடி அண்ணாமலையில் அவளைப் பிடித்துவிட்டார். அங்கிருந்து திரும்பினாலும் ஊர் தூரம், சுற்றி முடித்தாலும் ஊர் தூரம். சைக்கிளில் ஏறினால் சீக்கிரம் வந்துவிடலாம். ஆனால் அவள் வரவில்லை.

வீடு நிறைய ஜனம் வந்துவிட்டது. "வெயில் ஏறுது, நேரத்தோட எடுத்துடலாம்" என்றார் அவர் அண்ணன். "அவ வரட்டும்" என்றேன். "கூடவே திரிஞ்சவ, இன்னிக்குப் பாத்து எங்க போனா?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கும் ஆத்திரம்தான். சாமியைத் திட்டக்கூட அன்று தெம்பில்லை. அந்தக் கோபமெல்லாம் இவள் மேல் திரும்பியது.

வெயில் சுள்ளென்று அடிக்கும்போது வந்து சேர்ந்தாள். பின்னால் அவள் புருஷன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "சாவு வீட்டுக்கு இப்படியா நெத்தி நெறையப் பூசிக்கினு வருவாங்க?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, எந்தச் செவ்வாய்க்கிழமையும் போல அவர் நெற்றியில் பூசினாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சைக்கிள்ல வந்திருக்கலாம் இல்ல?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நானும் சொல்லிப் பாத்துட்டேம்மா" என்றார் அவள் புருஷன். "நடந்துதான் வருவேன்னுட்டா. நானும் கூடவே தள்ளிக்கினு வந்தேன்."

"பாதியில விட்டா சாமி கோச்சுக்குமா?" விடாமல் அவளைத்தான் கேட்டேன். "போனவரு போயிட்டாரு. அப்புறம் யாருக்காகடி நடந்தே?"

"அடி அண்ணாமலை வரைக்கும் அவருக்காக நடந்தேன்" என்றாள். அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. "அதுக்கப்புறம் உனக்காக நடந்தேன்."

"எனக்கு இனிமே என்னத்தக் கேட்ட?"

"வேற என்ன கேக்கறது? அவ கண்ணை மூடி மாசக்கணக்காச்சு, கொஞ்சம் தூங்க வை சாமின்னு கேட்டேன்."

அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. என் கோபத்துக்கு வெட்கப்படக்கூட நேரமில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவரை எடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஈரம் காயாத தரையில் அவள் காலை நீட்டி உட்கார்ந்து, என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். புருஷனை அனுப்பிவிட்டுப் பட்டப்பகலில் தூங்குகிறாளே என்று உறவுக்காரப் பெண்கள் பேசினார்களாம். தட்டி எழுப்ப வந்தவர்களை அவள் கிட்டவே விடவில்லையாம். சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.