இந்தப் புத்தகத்தை எந்தக் கையால் பிடிப்பது?

ஆஸ்பத்திரியில் அவளுக்கு முகத்துக்கு நேரே ‘மேடம்’ என்றும், முதுகுக்குப் பின்னால் ‘ஒண்ணு ரெண்டு’ என்றும் பெயர். பக்கவாதம் வந்து கை கால் வராமல் போனவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் அவள். காலையிலிருந்து சாயங்காலம் வரை, “ஒண்ணு, ரெண்டு, மூணு... மெதுவா... இப்ப விடுங்க” என்று எண்ணிக்கொண்டே இருப்பாள். வீட்டில் காய் நறுக்கும்போதும் வாய் தானாக எண்ணும். “கத்திரிக்காய்க்கும் பயிற்சியா?” என்பார் கணவர்.

நோயாளிகள் அவள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அடுத்த முறை வந்தால் கை போன தடவை விட்ட இடத்திலேயே நிற்கும். கேட்டால், “மறந்து போச்சுங்க” என்பார்கள். அதனால்தான் அந்தப் பயிற்சிகளையெல்லாம் படத்தோடு ஒரு புத்தகமாக எழுதினாள். மாடியில் குடியிருந்த கொழுந்தன் விளம்பரங்கள் வடிவமைப்பவன். அவனே படம் வரைந்து, பக்கங்களை அமைத்து, ஆர்டர் வர வர அச்சடித்து அனுப்பும் ஓர் இணையதளத்தில் ஏற்றிவிட்டான்.

புத்தகம் கைக்கு அடக்கமாக, பளபளவென்று வந்தது. அலமாரியில் வைத்தால் வெளியே தெரியும் முதுகில் அவள் பெயர். கூடத்து அலமாரியில் அதை வைத்துவிட்டு, போகும்போது ஒரு பார்வை, வரும்போது ஒரு பார்வை பார்ப்பாள்.

“கண்ணு பட்டுடப் போகுது” என்றார் கணவர்.

“யாரு கண்ணு?”

“உன் கண்ணுதான்.”

புத்தகம் நன்றாகவே போனது. வாங்கியவர்கள் இணையதளத்தில் நாலு நல்ல வார்த்தை எழுதியிருந்தார்கள். அவற்றை அவள் மனப்பாடமாகச் சொல்வாள்.

ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் வந்தது. பேசியது ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவரின் மனைவி. டிரைவருக்கு இடது கை சுணங்கிப் போய்ச் சில மாதங்களாகின்றன.

“புத்தகம் ரொம்ப நல்லா இருக்குங்க. ஒரே ஒரு சந்தேகம். இத எந்தக் கையால பிடிக்கணும்?”

“இடது கை வரலைன்னா வலது கையாலதான்...” என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்தினாள்.

“வலது கையால புத்தகத்தப் பிடிச்சா, இடது கையத் தூக்கிவிட எந்தக் கை இருக்குங்க? அதான் நான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அடுப்புல பால் பொங்கினாலும் நகர முடியல.”

மறுநாள் வேலை முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போனாள். ஜன்னலோர மேசையில் புத்தகம் விரித்திருந்தது. ஒரு பக்கத்தின் மேல் உப்பு ஜாடி, இன்னொரு பக்கத்தின் மேல் கண்ணாடிக் கூடு. டிரைவர் ஜாடியை நகர்த்தியதுதான் தாமதம், புத்தகம் படக்கென்று மூடிக்கொண்டது. திரும்பப் பிரித்தால், பளபளப்பான தாளில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து பாதிப் படம் தெரியவில்லை.

“ஆயுசு பூரா ஸ்டியரிங் பிடிச்சிருக்கேன் மேடம். அதுகூட இவ்வளவு முரண்டு பண்ணினதில்ல” என்றார் டிரைவர்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, முகமும் சிவந்தது. ஒரு கை வராதவர்களுக்கென்று எழுதிய புத்தகத்தைப் பிரிக்க இரண்டு கை வேண்டியிருக்கிறது. எழுதும்போது இது எப்படித் தோன்றாமல் போனது?

வீடு திரும்பியவள் நேரே மாடி ஏறினாள். விஷயத்தைக் கேட்டதும் கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“அண்ணி, எழுத்துப்பிழைன்னா சொல்லுங்க, உடனே திருத்திடலாம். இது அப்படி இல்ல. அளவ மாத்தினா எல்லாப் பக்கமும் மறுபடி அமைக்கணும். அட்டையும் புதுசா போடணும். கம்பிச் சுருள் பைண்டிங்னா அவங்க கணக்குல அது வேற புத்தகம். புத்தகத்துக்கான அடையாள எண், அந்த ஐ.எஸ்.பி.என்., புதுசா வாங்கணும். பாராட்டி எழுதினாங்களே, அதெல்லாம் பழசோடயே நின்னுடும்.”

“சரி.”

“இன்னொண்ணு. சுருள் போட்டா முதுகே கிடையாது. உங்க பேரு முதுகுல வராது.”

முன்னே சொன்ன எதுவும் உறுத்தவில்லை, இது உறுத்தியது. கீழே இறங்கி வந்தாள். சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள்.

“முன் அட்டையில பேரு இருக்கும்ல?”

“இருக்கும்.”

“அப்புறம் என்ன? ஊர்ல எல்லார் முதுகையும் நிமித்தறவ நீ. உனக்கு எதுக்கு முதுகுல பேரு?”

கை கழுவியதும் மறுபடி மாடி ஏறினாள். “மாத்திடலாம் தம்பி.”

பெரிய அளவு, பெரிய எழுத்து, பளபளப்பில்லாத கெட்டித் தாள், இடது ஓரத்தில் கம்பிச் சுருள் என்று மாதிரிப் பிரதி வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு டிரைவர் வீட்டுக்கு ஓடினாள். புத்தகம் மேசையில் சொன்னபடி படுத்தது. டிரைவரின் மனைவி கை தட்டினாள்.

டிரைவர் முதல் பயிற்சியைத் தொடங்கினார். படம் பார்க்கக் குனிந்தார். கழுத்து தொங்கியது, தோள் சரிந்தது, முதுகு வளைந்தது. புத்தகத்தின் முதல் வரியே ‘நிமிர்ந்து உட்காருங்கள்’ என்பதுதான். அதைப் படிக்கவே அவர் கூன் போட வேண்டியிருந்தது. புத்தகத்தைத் தண்ணீர் ஜாடி மேல் சாய்த்து வைத்துப் பார்த்தார்கள். அது வழுக்கிக்கொண்டே வந்து தரையில் விழுந்தது.

“சுருள் மேல் பக்கம் இருந்தா, கூடாரம் மாதிரி மேசையில நிக்கும் தம்பி” என்றாள் கொழுந்தனிடம்.

“அந்த இணையதளத்துல இடது பக்கம் மட்டும்தான் அண்ணி.”

அவன் அலுத்துக்கொண்டே மாதிரிப் பிரதியை இப்படியும் அப்படியும் திருப்பினான். பக்கவாட்டில் ஒரு திருப்பு. சுருள் மேலே வந்தது. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றவன் முகம் மெல்ல மாறியது.

“அண்ணி! சுருள் அவங்களுக்கு இடது பக்கமே இருக்கட்டும். நாம எழுத்தையும் படத்தையும் படுக்க வெச்சு அனுப்பினா? வாங்கறவங்க திருப்பி நிக்க வெச்சுப் படிச்சுக்கலாம்!”

அப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. தாளுக்கு ஒரு பக்கம் மட்டும் அச்சு, ஒரு பக்கத்துக்கு ஒரு பயிற்சி என்று முடிவாயிற்று. இடம் போதாததால் அவள் ஆசை ஆசையாக எழுதிய நீண்ட முன்னுரையை வெட்ட வேண்டி வந்தது. அவள் தயங்கித் தயங்கி ஒரு பத்தியை எடுத்தாள். அவன் தயங்காமல் மிச்சத்தை எடுத்தான். அந்த முன்னுரை அவனுக்கு முதலிலிருந்தே பிடிக்காது என்று அன்றுதான் தெரிந்தது.

புதிய பதிப்பு வந்ததும் பழையதன் விற்பனையை நிறுத்தினார்கள். வீட்டில் மிச்சமிருந்த பிரதிகளை அவள் தன் பிரிவில் பயிற்சிக்கு வந்த மாணவர்களுக்குக் கொடுத்தாள். “உங்களுக்குத்தான் ரெண்டு கையும் நல்லா இருக்கே, பிடிச்சுப் படிங்க” என்றாள். பாராட்டுகள் பழையதோடு போய்விட்டன. கொஞ்ச நாள் இணையதளத்தில் புதியதன் கீழே இருந்த அந்த வெற்றிடத்தைப் பார்க்க மனசு என்னவோ செய்தது. பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

டிரைவர் வீட்டுக்குப் புதுப் பிரதியைத் தானே எடுத்துப் போனாள். புத்தகம் மேசையில் ஜம்மென்று நின்றது. டிரைவர் அதன் எதிரே நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு பயிற்சி முடிந்ததும், பக்கத்தைப் புரட்ட வலது கை போகவில்லை. இடது கை போனது. விரல்கள் மடங்கியபடியே, புறங்கையால் தாளை மேலே தள்ளினார். முதல் தடவை நழுவியது. இரண்டாவது தடவை தாள் சுருளைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை அது. அவள் எண்ண மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த பயிற்சியில் அவருடைய முழங்கை மேசையை விட்டு எழும்பியது.

“முழங்கையத் தூக்கக் கூடாதுங்க.”

“படத்துல தூக்கித்தான இருக்கு?”

குனிந்து பார்த்தாள். ஆமாம், தூக்கித்தான் இருந்தது. அந்தப் படத்துக்கு மாதிரியாக உட்கார்ந்தவர் அவள் கணவர். எத்தனை சொன்னாலும் ஒழுங்காக உட்காராத மனுஷன். அங்கிருந்தே கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

“தம்பி, ஒண்ணு மாத்தணும்.”

“ஐயோ, அளவா? தாளா? பைண்டிங்கா?”

“ஒரு முழங்கை.”

“அவ்வளவுதானா? அது உள்ள இருக்கற விஷயம் அண்ணி, ராத்திரிக்குள்ள இறக்கிடறேன்” என்றான் அவன் நிம்மதியாக. பக்கத்து அறையில், புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை போன டிரைவரின் மனைவி டி.வி. முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து, ஏதோ ஒரு நகைச்சுவைக்குச் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.