யூதாஸ் சீட்டும் என் பெருவிரலும்

போன சனிக்கிழமை மத்தியானம் ஜெபராசன் சைக்கிளில் வந்து இறங்கினான். கையில் அவனுடைய கலியாண அழைப்பிதழ். ஊரில் காகிதத்துக்குத் தட்டுப்பாடு என்பதால் பள்ளிக் கொப்பித் தாளில் அச்சடித்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு.

அந்தக் கோட்டைக் கண்டதும் வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். ஏன் என்று சொல்கிறேன்... சிரிக்கக் கூடாது.

உரும்பிராயில் எங்களுடையது சின்னச் சபை. பெரிய வெள்ளிக்கு இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவோம். சீடர் வேஷங்களுக்குச் சீட்டுத்தான். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் போன பிறகு அவனுடைய இடத்துக்குச் சீடர்களே சீட்டுப் போட்டுத்தானே ஆள் எடுத்தார்கள்? ஆகவே சீட்டில் விழுவது கர்த்தரின் சித்தம். மறுபேச்சுக் கிடையாது.

எல்லோருக்கும் பயம் ஒரேயொரு சீட்டுக்குத்தான். போன வருடம் யூதாஸாக நடித்த தபால்காரரை ஊர்ப்பிள்ளைகள் இன்னமும் ‘யூதாஸ் மாமா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இந்த வருடம் சீட்டு எழுதியது சபைச் செயலாளராகிய நான். கொப்பித் தாளை வெட்டும்போது யூதாஸின் பெயர் சிவப்புக் கோட்டுத் துண்டில் விழுந்துவிட்டது. மடித்த பிறகும் சிவப்பு இலேசாகத் தெரிந்தது. மாற்றி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

காணிக்கைத் தட்டில் சீட்டுகளைப் போட்டு, ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டு வந்தேன். கடைசியில் இரண்டே சீட்டு. எடுக்க வேண்டியவர்கள் ஜெபராசனும் நானும். என் பெருவிரல் தானாகவே — சத்தியமாகத் தானாகவே — வெள்ளைச் சீட்டை மூடிக்கொண்டது.

அவனுக்கு யூதாஸ். எனக்குப் பேதுரு!

போதகர் கேட்டார்: “தட்டிலை ஒரு தில்லுமுல்லும் இல்லைத்தானே?”

“இல்லை ஐயா.”

ஜெபராசனின் முகம் செத்துப்போனது. முப்பத்துநாலு வயது. ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் குழம்பியிருந்தது. மூன்றாவதாக நெல்லியடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குத் தெரியாமல் அவனைப் பார்க்க நாடகத்துக்கு வருவதாக ஏற்பாடு. இந்த இரகசியம் மாப்பிள்ளை உட்பட ஊர் முழுக்கத் தெரியும்.

“அண்ணை, நீங்கள் கலியாணம் முடிச்ச ஆள்தானே. மாறுவமே?” என்று கெஞ்சினான்.

“கர்த்தரின்ரை சித்தம், தம்பி” என்றேன். எவ்வளவு பக்தி!

பாவம், போதகரிடம் போனான். “ஐயா, ஆர் காட்டிக்குடுப்பான் எண்டு ஆண்டவருக்கு முந்தியே தெரியும். அது நடந்தால்தான் எங்களுக்கு இரட்சிப்பு. அப்ப யூதாஸிலை என்ன பிழை?”

“யூதாஸ் இரட்சிப்பை நினைச்சே செய்தவன்? தன்ரை ஆசைக்கெல்லோ செய்தவன்” என்றார் போதகர். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனாலும் தம்பி, உது எனக்கும் முழுக்க விளங்கேல்லை. தேத்தண்ணி குடிப்பம்” என்றார். அவரை எனக்குப் பிடிக்கும் என்றால் அதற்குத்தான்.

வீட்டில் என் மனைவி விடவில்லை. “சித்தமோ? உங்கடை பெருவிரல் அசைஞ்சதை நான் கண்டனான்.”

“விசர்க்கதை கதையாதையும்! விரல் அசையேல்லை.”

பெரிய வெள்ளி வந்தது. மின்சாரம் இல்லாதபடியால் பின்னேரம் நாலு மணிக்கே நாடகம். யூதாஸ் பண முடிப்பை எறிந்துவிட்டு ஓட வேண்டிய கட்டம். எறிந்தான். முடிப்பு அவிழ்ந்து உள்ளே இருந்த சோடா மூடிகள் மண்டபம் முழுக்க உருண்டன. சனம் சிரித்தது. ஜெபராசன் ஓடவில்லை. முழங்காலில் விழுந்து, ஒப்பனையெல்லாம் கரைய அழுதான்.

“ஆண்டவரே, செய்தது நான்தான். ஆனால், எல்லாம் தெரிஞ்ச நீர் என்னை ஏன் கூப்பிட்டனீர்?”

எழுதிக் கொடுத்த வசனத்தில் இது இல்லை. சிரிப்பு நின்றது. பக்கத்தில் பேதுருவாக நின்ற எனக்கு வெட்கத்தில் ஒட்டுத்தாடிக்குள் வேர்த்தது.

முடிந்ததும் பெண்ணின் தகப்பன் மேடைக்குப் பின்னால் வந்தார். சம்பந்தம் போச்சு என்றே நினைத்தேன். அவர் போதகரிடம் சொன்னார்: “மகளுக்குப் பிடிச்சிட்டுது. பிழை செய்தால் ஒளிக்காமல் அழக்கூடிய மனிசன் எண்டு சொல்லுறாள்.”

யோசித்துப் பாருங்கள். என் கள்ளத்தனத்தால்தான் அவனுக்கு இந்த நல்லது நடந்தது. அதற்காக நான் நல்லவனாகிவிடுவேனா? கடவுள் தம் கணக்கை எப்படியும் சரிக்கட்டிவிடுகிறார்... ஆனால் தட்டைப் பிடித்தவன் தப்ப முடியாது போலிருக்கிறது. பேதுருவும்தான் அன்றைக்கு ஆண்டவரைத் தெரியாதென்று மூன்று தரம் பொய் சொன்னான். ஆனால் சேவல் கூவியதும் மனம் கசந்து அழுதான். நான் அழவுமில்லை.

சனிக்கிழமை, அழைப்பிதழை நீட்டிக்கொண்டு ஜெபராசன் கேட்டான்: “அண்ணை, அந்தச் சீட்டு எனக்குத் தானாத்தானே விழுந்தது?” முகம் முழுக்கச் சந்தோஷம்.

“ஓம் தம்பி, தானாத்தான்.”

போதகருக்கு ஒரு பொய், மனைவிக்கு ஒன்று, இவனுக்கு ஒன்று. எண்ணிப் பார்த்தேன்... மூன்று!

முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லை. அதனால்தான் ஜெபராசா, இங்கே எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள். கலியாணத்துக்கு வராதே என்றால் வரமாட்டேன்.

அன்றைக்கே சொல்லியிருப்பேன், ஒரு சேவல் கூவியிருந்தால். எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரேயொரு சேவலை உயிர்த்த ஞாயிறுக்கு நாங்கள்தான் கறி வைத்தோம்!