கட்டுரையில் என் பத்தி

என் மகள் ஹைதராபாத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பதிலாக, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கும் சர்வதேச டிப்ளமா படித்தாள். அதற்கு மாணவர்கள் தாங்களே ஆராய்ந்து ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும்.

பள்ளியில் அதற்குப் பொறுப்பாளராக இருந்தவர் செகந்திராபாத்திலேயே வளர்ந்த தமிழ் அம்மையார். ஒல்லியான உருவம், குட்டையாக வெட்டிய நரைமுடி. எதைப் படித்தாலும் வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து நகர்த்துவார்.

கட்டுரையை அனுப்ப இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் இருவரையும் அழைத்தார். ஸ்கேல் ஐந்தாம் பக்கத்தில் நின்றிருந்தது.

“இந்தப் பத்தியைக் கொஞ்சம் விளக்கும்மா.”

மகள் படித்துப் பார்த்தாள். முகம் வெளிறியது. “மேம், இதை நான் எழுதலை.”

ஊருக்குள்ளேயே தார்நாகாவில் இருக்கும் ஆய்வகத்தில் அறிக்கை எழுதிப் பழகியவன் நான். அவள் இல்லாதபோது லேப்டாப்பைத் திறந்து அந்தப் பத்தியை மாற்றியிருந்தேன்.

அம்மையார் அவளை வெளியே அனுப்பிவிட்டு என்னையே பார்த்தார்.

“நான்தான் மேடம். இங்கிலீஷ் மட்டும் கொஞ்சம் சரி பண்ணினேன்.”

“இதெல்லாம் நக்கோ, வேணவே வேணாம் சார். அடுத்தவங்க எழுதினதுன்னு தெரிஞ்சா அவ டிப்ளமாவே போயிடும். பழி அவ பேர்லதான் விழும். நீங்களே போய்ச் சொல்லுங்க.”

தாழ்வாரத்தில் அழுதுகொண்டிருந்தவளிடம் சொன்னேன்.

“என் இங்கிலீஷ் அவ்ளோ மோசமாப்பா?” என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பத்தியை அவளே மறுபடி எழுதினாள். டிப்ளமாவும் கிடைத்தது.

அவளை வெளியே அனுப்பியபோதே அந்த அம்மையாருக்கு எல்லாம் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று யோசிக்கும்போது, இன்றும் உள்ளங்கை வியர்க்கிறது.