ஹெலன் சொன்ன ‘பாஸ் ஆன்’

பொற்கொடிக்கு ஊரில் யாருடைய இங்கிலீஷும் பிடிக்காது. போடி பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் போஸ்டர் ஒட்டியிருந்தால், நின்று படித்து, தப்பைக் கண்டுபிடித்து, உதட்டைச் சுழித்துவிட்டுத்தான் சிலமலை பஸ்ஸில் ஏறுவாள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே, “மாப்பிள்ளை பேருக்குக் கீழ இது என்ன, டிகிரியா, வியாதியா?” என்று கேட்டவள் அவள். ஜீப் ஓட்டும் அவள் புருஷன் சோலைக்கு இதனால் சொந்தக்காரர்களிடையே பட்ட அவமானம் கொஞ்சமில்லை.

இத்தனைக்கும் அவள் இங்கிலீஷ் காற்றில் வளர்ந்தவள் அல்ல. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரள எல்லைக்குள், ஒரு ஏலத்தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவள். அப்பா, அம்மா இருவருக்கும் காயெடுக்கிற வேலை. கல்லூரிக்கென்று போடிக்கு இறங்கி வந்த முதல் நாள், ஹாஸ்டலில் தாகமெடுத்து, “கொஞ்சம் வெள்ளம் தாங்க” என்று கேட்டுவிட்டாள். மலையில் எல்லோரும் தண்ணீரை அப்படித்தான் சொல்வார்கள். ஹாஸ்டல் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “ஏய், வெள்ளம் வருது, ஓடுங்கடி!” என்று கட்டில் மேல் ஏறி நின்றார்கள். மூன்று வருடமும் அவளுக்கு அங்கே ‘வெள்ளம்’ என்றுதான் பெயர். யாரும் தன்னைப் பார்த்துச் சிரிக்க முடியாத ஒரு பாஷை தனக்கு வேண்டுமென்று அவள் அப்போதே முடிவு செய்தாள்.

அந்தப் பாஷை லேசில் வசப்படவில்லை. பெரிய பெரிய சொற்களெல்லாம் அடங்கி உட்கார்ந்தன. ஆன், ஆஃப், அப், அவுட் என்று துக்கடாச் சொற்கள்தான் ஆட்டம் காட்டின. கிவ் என்றால் கொடு, அப் என்றால் மேலே. இரண்டும் சேர்ந்தால் மேலே கொடு என்றுதானே வர வேண்டும்? கைவிடு என்று வந்தது. புட் என்றால் வை. புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடு, புட் அவுட் என்றால் தீயை அணை, புட் அப் வித் என்றால் சகித்துக்கொள். இது பாஷையா, பைத்தியக்காரன் பேச்சா என்று புத்தகத்தைத் தூக்கி எறிந்திருக்கிறாள்.

ஒரு லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது, ஜீப்பில் பின்சீட்டில் இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

“சூப்ரவைசருகிட்ட நீதானடி என்னைப் போட்டுக்குடுத்த?”

“நான் எங்க போட்டுக்குடுத்தேன்? அந்தாளு நைசாப் பேசி என்கிட்ட போட்டு வாங்கிட்டான்!”

“ரெண்டு பேரையும் போட்டுத் தள்ளணும்டி!”

பொற்கொடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். போடு என்பது ஒரே சொல்தான். கொடுவோடு சேர்ந்தால் காட்டிக்கொடுப்பது, வாங்குவோடு சேர்ந்தால் வாயைக் கிளறுவது, தள்ளுவோடு சேர்ந்தால் கொலை. இதையெல்லாம் யாராவது அந்தப் பெண்களுக்குப் பட்டியல் போட்டா சொல்லிக்கொடுத்தார்கள்? வெள்ளைக்காரனும் இப்படித்தான் பேசித் தொலைக்கிறான் என்று அன்றைக்குப் புரிந்தது. தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதை விட்டுவிட்டாள். ஒட்டின சொல்லை ஒரே சொல்லாகக் கேட்கப் பழகினாள். எம்.ஏ. முடிக்கும்போது வகுப்பில் அவளுக்கு மிஞ்சின ஆள் இல்லை.

அதற்கப்புறம்தான் அவளுக்கு அடுத்தவர்களின் வாய் பொறுக்காமல் போனது. முதலில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தாள். ஆண்டுவிழாவுக்கு ஒரு வெளிநாட்டுக்காரர் வந்திருந்தார். தாளாளர் மைக்கைப் பிடித்து, வருஷா வருஷம் எங்கள் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் ‘பாஸ் அவுட்’ ஆகிறார்கள் என்று பெருமையாக இங்கிலீஷில் முழங்கினார். படித்து முடிப்பதைத்தான் அவர் சொன்னார். வந்தவர் காதிலோ மயங்கி விழுகிறார்கள் என்று விழுந்தது. அவர் கவலையோடு மேலே ஃபேனைப் பார்த்தார். மேடையில் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்க, பொற்கொடி மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த வருஷம் அவளுக்கு அங்கே வேலை இல்லை.

அப்படித்தான் முனீஸ்வரனின் ஏலக்காய் ஏற்றுமதி ஆபீசுக்கு வந்து சேர்ந்தாள். முனீஸ்வரனுக்கு இங்கிலீஷ் சுத்தமாக வராது. ஒரு காயை விரலால் நசுக்கிப் பார்த்தே எந்த மலைச் சரிவில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். வெளிநாட்டுக்காரர்களிடம் பேசுவதெல்லாம் பொற்கொடிதான். “நம்ம புள்ள பேசிக்கிரும்” என்று அவர் பாட்டுக்குக் காய் வாங்க ஏல மையத்துக்குக் கிளம்பிவிடுவார். ‘எனக்குத் தெரியாது’ என்று கூசாமல் சொன்ன அந்த ஒரே ஒரு மனிதரை மட்டும் அவள் ஏளனம் செய்ததில்லை.

அவர் மகன் சூர்யபிரகாஷ் ஒரு வருஷம் இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்து இறங்கினான். வாய்க்குள் வெந்த கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிறவன் மாதிரி ஒரு உச்சரிப்பு. வந்த வாரமே சொன்னான்:

“அக்கா, இனி வீடியோ காலெல்லாம் நான் பாத்துக்கிர்றேன். உங்க ஆக்சன்ட் ஃபாரின் பையருக்கு செட்டாகாது. நீங்க பக்கத்துல இருந்து நோட்ஸ் மட்டும் எடுங்க. நடுவுல பேசாதீங்க, அன்-புரொஃபஷனலா இருக்கும்.”

“சரிங்க தம்பி” என்றாள் பொற்கொடி. மனசுக்குள், ‘பேசுடா ராசா, பேசு’ என்றாள்.

அந்த மாதம் ஹெலனிடமிருந்து வீடியோ கால் வந்தது. இங்கிலாந்தில், லெஸ்டரில் மசாலா வியாபாரம் செய்கிற அம்மா. பல வருஷமாக இவர்களிடம் எட்டு எம்.எம். பருமனுள்ள முதல் தர ஏலக்காய், பெருங்காய், வாங்குகிறவள். கம்ப்யூட்டர் திரையில் சிரித்த முகமாக வந்து, குடும்பத்தை விசாரித்து, மழையை விசாரித்து, கடைசியில் சொன்னாள்: “ஐ திங் வீ வில் பாஸ் ஆன் தி எய்ட் எம்.எம். திஸ் டைம்.”

எட்டு எம்.எம். காய் இந்தத் தடவை எங்களுக்கு வேண்டாம். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். மரியாதையாகச் சொன்னாள், அவ்வளவே.

சூர்யபிரகாஷின் முகம் மலர்ந்தது. பாஸ் என்றால் பரீட்சையில் தேறுவது, பாஸ் ஆன் என்றால் அடுத்த கைக்கு அனுப்புவது. காய் தேறிவிட்டது, கடைக்கு அனுப்பப் போகிறாள் என்று கூட்டிக் கழித்து முடிவு கட்டிவிட்டான். “வொண்டர்ஃபுல்! தேங்க் யூ, ஹெலன்!” என்றான். வேண்டாம் என்று சொன்னதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிற வியாபாரியை ஹெலன் பார்த்திருக்க மாட்டாள். ஒரு கணம் முழித்தாள், பிறகு பையனின் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு கையசைத்துவிட்டுப் போனாள்.

பொற்கொடி வாயைத் திறந்தாள். “தம்பி, அவுங்க என்ன சொன்னாங்கன்னா...”

அவன் திரையைப் பார்த்தபடியே ஒரு விரலை உயர்த்தினான். அந்த விரலைப் பார்த்ததும் அவள் வாய் மூடிக்கொண்டது. அன்று சாயங்காலம் வரை அவன் அவளை எதுவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இங்கிலாந்து போய் வந்த கழுதை பொதி சுமக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வீட்டில் சோலையிடம் நடித்துக் காட்டிச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

“நாளைக்கு வெரசாப் போயி ஐயாட்ட சொல்லிரு, தாயி.”

“நான் எதுக்குச் சொல்லணும்? அவன்தான் பேசாதீங்கன்னான்ல?”

“அவன் கெடக்கான். ஐயா உனக்கு என்ன செஞ்சாரு?”

அவள் திரும்பிப் படுத்தாள்.

முனீஸ்வரன் மகன் பேச்சை நம்பி ஏல மையத்தில் விலையைப் பார்க்காமல் பெருங்காயாக வாங்கிக் குவித்தார். குடோனில் காயைத் தரம் பார்த்துப் பொறுக்குகிற பெண்களை ஞாயிற்றுக்கிழமையும் வரச்சொன்னார்கள். அவர்களுக்குத் தலைமை அய்யம்மாள். அன்றைக்கு அவள் தம்பி மகளுக்கு ராசிங்காபுரத்தில் காதுகுத்து. அத்தைக்காரி இல்லாமல் எப்படி என்று தம்பி போனில் கத்த, “லோடு போகணும்டா, மொதலாளி சொல்லிட்டாரு” என்று சமாளித்துவிட்டு முறத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். பொற்கொடி அந்த வழியாகத்தான் போனாள். அய்யம்மாள் போனில் சொன்னது காதில் விழுந்தது. ஆனாலும் நேரே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சரக்குப் புறப்படுகிற தேதியை சூர்யபிரகாஷ் எழுதி அனுப்பியபோதுதான் விஷயம் வெடித்தது. நாங்கள்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டோமே என்று ஹெலனிடமிருந்து ஆச்சரியத்தோடு பதில் வந்தது. சூர்யபிரகாஷ் வெளிறிப்போனான். நெட்வொர்க் சரியில்லை, அந்தம்மா வாய்க்குள்ளேயே முனகினாள் என்று என்னென்னவோ சொன்னான். முனீஸ்வரன் மகனைப் பார்க்கவேயில்லை. பொற்கொடி பக்கம் திரும்பினார்.

“ஏத்தா, நீ அங்கனதான இருந்த?”

“இருந்தேங்கய்யா.”

“உனக்கு வெளங்குச்சா?”

“வெளங்குச்சு. என்னைய யாரும் கேக்கல.”

இந்தப் பதிலை அவள் பல நாளாக நாக்கு நுனியில் வைத்திருந்தாள். சொன்னால் இனிக்கும் என்று நினைத்திருந்தாள். பெரியவர் ஒன்றும் திட்டவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரி, அந்தம்மாவுக்குப் போனப் போடு. மன்னாப்புக் கேளு. நல்ல ஆளு, கோவிச்சுக்கிறாம இருக்கட்டும்” என்று மட்டும் சொன்னார்.

பொற்கொடி ஹெலனை அழைத்தாள். சூர்யபிரகாஷ் கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான். அவள் வருத்தம் தெரிவித்து முடித்ததும் ஹெலன் மென்மையாகக் கேட்டாள்: “பட் யூ வேர் இன் தி ரூம், பொற்கொடி. வொய் டிடின்ட் யூ ஸ்பீக் அப்?”

பொற்கொடி பதற்றத்தில் இருந்தாள். கடைசி இரண்டு சொல்தான் காதில் தங்கியது. மைக்கை வாயருகே இழுத்து, பக்கத்துக் கடைக்கே கேட்கும்படி, “யெஸ் மேடம்! ஐ வாஸ் இன் தி ரூம்! கேன் யூ ஹியர் மீ நவ்?” என்று கத்தினாள்.

ஹெலன் சட்டென்று காதிலிருந்த கருவியைத் தள்ளிப் பிடித்தாள். “நோ, நோ, ஐ கேன் ஹியர் யூ” என்றாள். பிறகு இதை விளக்கிப் பயனில்லை என்று நினைத்தாளோ என்னவோ, போடியில் மழை எப்படி என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

திரை அணைந்தது. சூர்யபிரகாஷ் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “அக்கா, அவங்க சத்தமாப் பேசச் சொல்லல. அன்னைக்கே ஏன் வாயைத் தொறந்து சொல்லலன்னுதான் கேட்டாங்க.”

அவன் சிரித்திருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். பரிதாபமாகப் பார்த்தான். காது நுனிவரை சூடேறி, பைலைத் தேடுகிற மாதிரி மேசைக்கு அடியில் குனிந்துகொண்டாள்.

நாளைக்கு வேலையில்லை என்று குடோனில் போய்ச் சொல்கிற சோலியும் அவள் தலையில் விழுந்தது. அய்யம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். ஆபீஸ் பையன்கள் மூலம் கதை ஏற்கெனவே அங்கே வந்து சேர்ந்திருந்தது.

“அந்தப் பயலுக்குத்தான் தெரியல. உனக்குத் தெரியும்ல? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?” அய்யம்மாள் சத்தம் போடவில்லை. “என் மருமவ காதுகுத்துக்குக்கூடப் போகாம இங்கன உக்காந்து பொறுக்குனேன்டி.”

பொற்கொடி குனிந்து, தரையில் கிடந்த இரண்டு காயைப் பொறுக்கி அந்த முறத்தில் போட்டாள்.

பெருங்காயை வடநாட்டு வியாபாரி ஒருவருக்கு வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். இனி வெளிநாட்டுக்காரர்களிடம் இருவரையும் ஒன்றாக உட்கார்ந்து பேசச் சொல்லிவிட்டார் முனீஸ்வரன். இப்போது வீடியோ காலில் சூர்யபிரகாஷ் பாதி பேசும்போதே பொற்கொடி குறுக்கே விழுகிறாள். சந்தேகம் இருக்கிறதோ இல்லையோ, “எக்ஸ்கியூஸ் மீ, நீங்க வேணும்ங்கிறீங்களா, வேணாம்ங்கிறீங்களா?” என்று பச்சையாக இங்கிலீஷில் கேட்டுவிடுகிறாள். அன்-புரொஃபஷனல் என்று அவன் பல்லைக் கடிக்கிறான். அவன் உச்சரிப்பு மட்டும் இன்னும் அவளுக்குச் சகிக்கவில்லை.